நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில்...

போன வருஷத் தீபாவளிக்கு மாமா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். முறுக்குத் தட்டு கை மாறிக்கொண்டே வந்தது. யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. ஒருத்தன் வங்கி, ஒருத்தன் கணினிப் பாதுகாப்பு, ஒருத்தி தாதி. என் முறை வந்ததும் அம்மா முந்திக்கொண்டு, “அவ பெட் கேர்ல இருக்கா” என்றார். கேட்பவர்களுக்கு ஏதோ கால்நடை மருத்துவம் மாதிரி இருக்கட்டுமே என்ற ஆசை. நான் விடவில்லை.

“குரூமர், மாமா. நாய்ங்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுறேன்.”

ஒரு நொடி யாரும் பேசவில்லை. அப்புறம் மாமா சிரித்தார். “நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும்னு ஒரு பழமொழி இருக்கே, அதையே வேலையா எடுத்துக்கிட்டியா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். மாமா நல்ல மனிதர், புண்படுத்தச் சொன்னதில்லை. ஆனால் பாட்டி சிரிக்கவில்லை. கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார்: “நம்ம வீட்டுல யாரும் முடி எடுக்குற வேலை செஞ்சதில்லையே, கண்ணு.”

மாமாவின் சிரிப்புக்குப் பதில் எனக்கு அப்போதே தெரியும். பாட்டியின் வார்த்தைக்குப் பதில் தேட ரொம்ப நாள் ஆயிற்று. அந்தத் தேடலைத்தான் இங்கே எழுதுகிறேன். கேள்வி நாயைப் பற்றியதில்லை. ஒரு வேலையை மேல் என்றும் கீழ் என்றும் எதை வைத்துச் சொல்கிறோம்? நம்மில் பலர் இப்போதுதான் படித்து முடித்து வேலைக்குப் போகிற வயதில் இருப்பதால், இதை நாம் சேர்ந்து யோசிக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகம் படித்தேன். 2 வருஷம் அலுவலகத்தில் இருந்தேன். பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டு இதற்கு வந்தேன். நாய்க்குட்டியோடு விளையாடிக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் சில மாதங்களிலேயே போய்விடுவார்கள்.

நம் ஊரில் பெரும்பாலானோர் வீவக வீட்டில் இருக்கிறோம். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்க வேண்டும். அதனால் கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் ஷிட்சு, மால்டீஸ், பொமரேனியன், சின்ன பூடில். ஷிட்சுவுக்கும் பூடிலுக்கும் முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். உதிர்கிற முடியும் கீழே விழாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். 2, 3 வாரம் சீப்பு படாவிட்டால் சடை பிடித்துவிடும். நம் ஊர் ஈரக் காற்றில் அந்தச் சடைக்கு அடியில் தோல் வெந்து சிவந்து புண்ணாகும். வெளியிலிருந்து பார்த்தால் பஞ்சு பொம்மை மாதிரி அழகாக இருக்கும். கை வைத்தால்தான் உள்ளே கட்டி கட்டியாக இருப்பது தெரியும்.

ஒரு நாய்க்கு 2, 3 மணி நேரம் ஆகும். நகம் வெட்ட வேண்டும். நகத்துக்குள் ரத்தக் குழாய் இருக்கிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும். காதைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சுரப்பியை அழுத்தி அழுக்கை எடுக்க வேண்டும். அந்த வாசனையை எழுத்தில் சொல்ல முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் 2 முறை ஷாம்பு. பிறகு டிரையர். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியே விடும். பக், ஷிட்சு மாதிரி தட்டை மூக்கு நாய்களுக்கு அதுவும் கஷ்டம். சூடான காற்றுக்கு முன்னால் அதை விட்டுவிட்டுக் கொஞ்சம் கவனம் தவறினால் உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் கத்தரி, கிளிப்பர். இவ்வளவையும், ஏன் இதெல்லாம் நடக்கிறது என்றே புரியாத ஓர் உயிருக்குச் செய்ய வேண்டும். அது பயந்தால் கடிக்கும். என் இடது கையில் 4 தழும்பு இருக்கிறது. இடுப்பு வலி, மணிக்கட்டு வலி, மூக்குக்குள் முடி, காதுக்குள் குரைப்பு. வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்தி, “குளிச்சிட்டு சாமி ரூமுக்குள்ள போ” என்பார்.

அம்மா சொல்வதில் தப்பே இல்லை. உடம்பில் அழுக்கு இருந்தால் குளித்துவிட்டுத்தான் சாமி கும்பிட வேண்டும். மருத்துவரும் தாதியும்கூட அப்படித்தான் செய்கிறார்கள். அது சுத்தம். ஆனால் பாட்டி சொன்னது சுத்தத்தைப் பற்றியதில்லை. குளித்தால் போகிற அழுக்கு ஒன்று. குளித்தாலும் போகாது, பிறப்போடு ஒட்டிக்கொண்டது என்று சிலர்மேல் நாம் ஏற்றி வைத்த அழுக்கு இன்னொன்று. முடி எடுத்தவரையும் துணி வெளுத்தவரையும் நம் சமூகம் அப்படித்தான் வைத்திருந்தது. பாட்டி கெட்டவர் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார். ஆனாலும் அது தப்புதான்.

யோசித்துப் பாருங்கள். குழந்தை பிறந்தால் குலதெய்வத்துக்கு முதல் மொட்டை. பழனிக்கும் திருப்பதிக்கும் முடி காணிக்கை. அந்தப் பிரார்த்தனையை நிறைவேற்றித் தருகிற கை யாருடையது? கத்தி பிடித்தவரின் கை. அந்தக் கையை நம்பிக் குழந்தையின் தலையைக் கொடுக்கிறோம், அந்தக் கைக்குச் சொந்தக்காரரை மட்டும் திண்ணைக்கு வெளியே நிற்க வைத்தோம்.

சிங்கப்பூருக்கு வந்த பிறகும் நம் கதை இப்படிப்பட்ட கைகளால்தான் ஆரம்பிக்கிறது. தோபி காட் நிலையத்தில் தினமும் ரயில் மாறுகிறோம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துத் திடலில் காயப்போட்டதால் வந்த பெயர் அது. தேக்காவுக்குப் பழைய பெயர் கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைக் கொட்டில் என்று அர்த்தம். பஃப்ளோ சாலையின் பெயரிலும் அந்த எருமை நிற்கிறது. கேகே மருத்துவமனையில் பிறந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்த 2 ‘கே’யும் கண்டாங் கெர்பாவ்தான். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. மாட்டுக் கொட்டகை, பால்காரர், வண்டிக்காரர், குதிரை பார்த்துக்கொண்டவர் என்று, மிருகத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் வளர்த்த இடம் நம் லிட்டில் இந்தியா. அங்கே போய்ப் பொங்கல் கரும்பு வாங்குகிற நாம், மிருகத்தைத் தொடுகிற வேலையைக் கேவலம் என்று சொன்னால் சரித்திரமே நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

சமய வகுப்பில் நாம் கேட்ட 2 கதைகளை இங்கே ஞாபகப்படுத்துகிறேன். ஒன்று பெரிய புராணத்தில் வரும் திருக்குறிப்புத் தொண்டர். காஞ்சிபுரத்துச் சலவைத் தொழிலாளி. அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதையே தொண்டாகச் செய்தவர். ஒரு நாள் குளிரில் நடுங்கும் கிழவராக வந்த சிவன் ஓர் அழுக்குக் கந்தையைக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் வேண்டும் என்கிறார். துவைத்தாகிவிட்டது. காயப்போடும்போது மழை பிடித்துக்கொண்டது. சொன்ன சொல் தவறுகிறதே என்று துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போகிறார். அந்தக் கல்லிலிருந்து இறைவனின் கை வந்து தடுக்கிறது. கருவறையிலிருந்து வரவில்லை, துவைக்கிற கல்லிலிருந்து வந்தது. இன்னொன்று மகாபாரத வனபருவத்தில் வரும் தர்மவியாதன். மிதிலையில் இறைச்சிக் கடை வைத்திருந்தவன். கௌசிகன் என்ற தவசி தர்மம் என்றால் என்னவென்று கற்றுக்கொள்ள அவனிடம் போக வேண்டியிருக்கிறது. 1895-96இல் நியூயார்க்கில் கர்ம யோகம் பற்றிப் பேசிய விவேகானந்தர், கடமை என்றால் என்ன என்று விளக்க இந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டார்.

பாட்டிக்கு இந்தக் கதைகள் என்னைவிட நன்றாகத் தெரியும். சொன்னபோது தலையாட்டினார். “அது சரிதான், ஆனா அவங்கல்லாம் மகான்கள்” என்றார். எனக்கும் அங்கே ஒரு நெருடல் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘எல்லா வேலையும் உயர்ந்ததுதான்’ என்று சொல்வது ரொம்ப சுலபம். அந்த வேலையைச் செய்யாதவர்கள்தான் அதை அதிகம் சொல்வார்கள். ‘உன் வேலை புனிதமானது, நீ அதிலேயே இரு’ என்று சொல்லி மனிதர்களை நகரவிடாமல் வைத்ததும் உண்டு. தர்மவியாதன் தன் குலத் தொழிலைச் செய்தவன். தோபி காட்டில் துணி துவைத்தவர்களில் எத்தனை பேருக்கு வேறு வழி இருந்திருக்கும்? நான் அப்படி இல்லை. அலுவலக வேலையை விட்டுவிட்டு, பிடித்துப்போய் இதைத் தேர்ந்தெடுத்தேன். நாளைக்கே விட்டுப் போகவும் என்னால் முடியும். அந்தச் சுதந்திரத்தோடு இருந்துகொண்டு அவர்களும் நானும் ஒன்று என்று பெருமை பேசுவது நியாயமில்லை. அந்தக் கதைகளிலிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. தொழிலுக்காக அவர்களை யாரும் உயர்ந்தவர் என்று சொல்லவில்லை. சொன்ன சொல்லுக்குள் நின்றதற்காகவும், ஏமாற்றாமல் செய்ததற்காகவும் சொன்னார்கள். அப்படியென்றால் என் வேலையும் தானாக உயர்ந்ததாகிவிடாது. நான் அதை எப்படிச் செய்கிறேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்படிப் பார்த்தால் நான் ஒரு நாள் ரொம்பக் கீழே விழுந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், வேறொரு கடையில் இருந்தபோது. சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம். எங்கள் தொழிலில் வருஷத்திலேயே அதிக நெரிசல் அப்போதுதான். எல்லாருக்கும் புத்தாண்டுக்குள் நாய் அழகாக இருக்க வேண்டும். அன்றைக்கு அது எனக்கு 8வது நாய், வயதான ஷிட்சு. காதோரம் முழுக்கச் சடை. காது மடலின் விளிம்பு காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்கும், சடைக்குள் எது முடி எது தோல் என்று தெரியாது. விரலை நடுவில் வைத்துத்தான் வெட்ட வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் மணி 8 ஆகிவிட்டது, கால் கடுத்தது. விரலை வைக்காமல் வெட்டினேன். ரத்தம் வந்தது.

அது கத்தவில்லை. ஒரு முறை தலையை உதறியது. பிறகு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

பொடி போட்டு அழுத்தினேன், ரத்தம் நின்றது. அங்கே பொறுப்பில் இருந்தவர் பார்த்துவிட்டு, “முடி மூடிடும், சொல்லாத. கேட்டா வீட்டுல சொறிஞ்சிருக்கும்னு சொல்லிக்கலாம்” என்றார். நான் சரி என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. காதுக்கு மேலே சிவப்பு ரிப்பன் கட்டினேன். ஆன்ட்டி வந்து, “வா, சோ பியூட்டிஃபுல்” என்று முத்தம் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வெட்டியது விபத்து. ரிப்பன் கட்டியது விபத்தில்லை. நான் வேண்டுமென்றே செய்தது. அதுவும் யாரிடம்? ‘இவள்தான் வெட்டினாள்’ என்று சொல்ல வாயில்லாத உயிரிடம். நாயின் விசுவாசத்தைப் பற்றி நாலடியாரில் ஒரு செய்யுள் உண்டு. தான் எறிந்த வேல் அதன் உடம்பில் தைத்திருக்கும்போதே அது தன் எஜமானைப் பார்த்து வாலாட்டுமாம். பள்ளியில் படித்தபோது அது நாயின் பெருமை என்று மட்டும் நினைத்தேன். அன்றைக்குத்தான் வேலை எறிந்தவனின் இடத்தில் நின்று அதைப் படித்தேன். மன்னித்துவிடுகிறவர்களிடம் தவறு செய்வது சுலபம். அதனாலேயே அந்தத் தவறு பெரிசு.

மகாபாரதம் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? ஆதிபருவத்தின் தொடக்கத்திலேயே ஒரு நாய் வருகிறது. ஜனமேஜயன் வேள்வி செய்யும் இடத்துக்கு வந்த குட்டியை அவன் தம்பிகள் அடித்துவிடுகிறார்கள். அது அழுதுகொண்டு தன் தாயிடம் போகிறது. தாய் சரமை, தேவலோகத்து நாய், நேராக வேள்விச் சாலைக்கு வந்து கேட்கிறது: என் பிள்ளை எதையும் நக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை, ஏன் அடித்தீர்கள்? ராஜகுமாரர்களிடம் பதில் இல்லை. காரணமில்லாமல் அடித்ததற்காக, எதிர்பாராத பயம் உங்களைத் தேடி வரும் என்று சாபம் கொடுத்துவிட்டுப் போகிறது. அவ்வளவு பெரிய இதிகாசம் முடிகிற இடத்திலும் நாய்தான். தருமர் தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்கிறார். நம்பி வந்ததைக் கைவிடுவது பெரும் பாவம் என்று இந்திரனிடமே வாதாடுகிறார். அந்த நாய்தான் தர்மதேவதை என்று பிறகு தெரிகிறது. அது தர்மதேவதை என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் தருமர் செய்ததில் என்ன பெரிய விஷயம்? வெறும் நாய் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தார். பரீட்சை அங்கேதான்.

மறுநாள் காலை அந்த ஆன்ட்டிக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொன்னேன். மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன், செலவை நான் கொடுத்தேன். 2 தையல். அவர் வெட்டுக்காகத் திட்டவில்லை. “நேத்தே ஏன் சொல்லல?” என்று ஒரே கேள்வி கேட்டார். சரமை கேட்ட மாதிரிதான், பதில் இல்லை. கதை மாதிரி அவர் மன்னித்துத் திரும்ப வந்தார் என்று எழுத ஆசைதான். வரவில்லை. அந்தக் கடையில் நானும் அப்புறம் அதிக நாள் இல்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: சின்னக் கீறல் என்றாலும், நாயைக் கையில் கொடுக்கும் முன்னால் நானே காட்டிவிடுவேன். சடை எடுத்தால் வலிக்கும் என்றால், “மொட்டைதான் அடிக்கணும், அழகு அப்புறம் பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

இனி மூன்றாவது கேள்வி. இதற்கு முழுசாகப் பதில் என்னிடம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அண்ணன், கட்டுமானத் தளத்தில் வேலை, புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். பேச்சுக் கொடுத்தார். என்ன வேலை என்றார், சொன்னேன். எவ்வளவு வாங்குவீர்கள் என்றார். “நாயைப் பொறுத்து, 80, 100 வெள்ளி” என்றேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “ஒரு தடவைக்கா?” தன் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். “எனக்கு அதுல எத்தனையோ தடவை முடி வெட்டிடலாமே தங்கச்சி.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாம் இருக்கிற வீடுகளைக் கட்டியவர்களில் ஒருவர். ஒரு நாய்க்கு நான் வாங்குகிற காசைச் சம்பாதிக்க அவர் எத்தனை நாள் வெயிலில் நிற்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ‘நாய் விற்ற காசு குரைக்காது’ என்பார்கள். அன்றைக்கு என் காதில் குரைத்தது.

பிராணிகளிடம் அன்பாக இருப்பவர்கள் மனிதர்களிடமும் அன்பாக இருப்பார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். என் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தால் அது உண்மையில்லை என்று தெரியும். நாயைத் தோளில் போட்டுக் கொஞ்சிக்கொண்டே, பையைத் தூக்கிவரும் பணிப்பெண்ணை அதே வாயால் அதட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய்மேல் அன்பு இருக்கிறது என்பதால் மட்டும் யாரும் நல்லவராகிவிடுவதில்லை, நானும்தான். கீதையின் 5ஆம் அத்தியாயத்தில் சமநோக்கைப் பற்றி வரும் இடம் பலருக்குத் தெரியும். படித்த அந்தணர், பசு, யானை, நாய், அதோடு நாயைச் சமைத்து உண்பவர் என்று தள்ளி வைக்கப்பட்ட மனிதர், இவர்கள் எல்லாரிடமும் ஞானி ஒன்றையே காண்கிறான் என்கிறது. நாய் நேசர்கள் இதை மேற்கோள் காட்டும்போது நாயோடு நிறுத்திவிடுவார்கள். வரிசையில் கடைசியாக நிற்பவர் ஒரு மனிதர். அவரை விட்டுவிட்டு நாயை மட்டும் தூக்கி நடுவீட்டில் வைத்தால் அது சமநோக்கு இல்லை.

அப்படியானால் நாய்க்குச் செய்வதைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சடைக்கு அடியில் புண்ணோடு இருக்கும் நாயை அப்படியே விட்டால் அந்த அண்ணனின் சம்பளம் ஏறப்போவதில்லை. கருணை ஒரு பானைச் சோறு மாதிரி, ஒருவருக்குப் போட்டால் இன்னொருவருக்குக் குறையும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அது தானாகவும் பரவாது. நாம்தான் எடுத்துக்கொண்டுபோய்ப் பரிமாற வேண்டும். என்னால் முடிந்தது சின்ன விஷயம்தான். நாயைக் கொண்டுவரும் பணிப்பெண்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். உட்கார நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுக்கிறேன். இதனால் உலகம் மாறிவிடாது, தெரியும். கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. அதை மறந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அந்த அண்ணன் அன்றைக்கு இன்னொன்றும் கேட்டார். “பயந்த நாயை எப்படிப் பிடிப்பீங்க?” நான் என்னவோ சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, ஊரில் வீட்டில் மாடு வளர்த்ததைச் சொன்னார். மிரளுகிற மாட்டின் முகத்துக்கு நேரே போய் நிற்கக் கூடாதாம். தோள்பட்டைப் பக்கமாக நின்று, முதலில் நம் மூச்சை நிதானமாக்கிக்கொண்டு, ஒரு கையை உடம்பில் வைத்து, அந்தக் கையை எடுக்காமலே இருக்க வேண்டுமாம். “கை எடுத்து எடுத்து வச்சா ஒவ்வொரு தடவையும் அதுக்குப் புதுப் பயம், தங்கச்சி.” பயிற்சி வகுப்பில் காசு கட்டிக் கற்றுக்கொண்டதைவிட எனக்கு அதிகம் உதவியது அந்த ஒரு வாக்கியம். கௌசிகனுக்கு மிதிலையில் கிடைத்த மாதிரி எனக்குத் தேக்காவில் ஒரு குரு.

அதை முதலில் பயன்படுத்தியது ஒரு சிங்கப்பூர் ஸ்பெஷலிடம். தெருவில் பிறந்த நம் ஊர்க் கலப்பின நாய்களை அப்படித்தான் சொல்வோம். முன்பெல்லாம் வீவக வீடுகளில் இவற்றுக்கு இடமில்லை. 2012இல் அடோர் திட்டம் வந்த பிறகுதான் தத்தெடுத்து வளர்க்க முடிந்தது. இந்த நாய் டிரையர் சத்தம் கேட்டாலே சிறுநீர் விட்டுவிடும். முதல் தடவை குளிப்பாட்டவே முடியவில்லை. இரண்டாவது தடவை தண்ணீர் மட்டும். மூன்றாவது தடவை டிரையரைப் போடாமல் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் தோள்பக்கம் நின்று, கையை எடுக்காமல். ஐந்தாவது தடவை, காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது என் முழங்கைமேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது.

வேலையில் என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பலனை எதிர்பார்க்காதே என்றால் பலனே இருக்காது என்று அர்த்தமில்லை. அந்தத் தூக்கம் எனக்குக் கிடைத்த பலன்தான். ஆனால் அதை நான் கேட்டு வாங்க முடியாது, அடுத்த நாய் அதைத் தர வேண்டும் என்று சட்டமும் இல்லை. 6 வாரத்தில் முடி திரும்ப வளர்ந்துவிடும், சடையும் திரும்ப வரும். அம்மா தினமும் காலையில் வாசலில் சின்னதாகக் கோலம் போடுவார், மத்தியானத்துக்குள் யாராவது மிதித்துவிடுவார்கள், மறுநாள் திரும்பப் போடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. என் வேலையும் அந்த மாதிரிதான்.

தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். அவர் பக்கத்தில் நிற்கும் வாகனத்தைத் தொட்டுக் கும்பிடுகிறோம். நேப்பாளத்தில் திகார் பண்டிகையின் ஒரு நாளில் தெரு நாய்க்குக்கூட மாலை போட்டுப் பொட்டு வைக்கிறார்கள். கல்லில் இருக்கும்போது கும்பிடுவதும் மாலை போடுவதும் நல்லதுதான். உயிரோடு வந்து மேசைமேல் நடுங்கி நிற்கும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் மிச்சக் கேள்வி. நாய் என்று இல்லை. நீங்கள் தாதியாக இருந்தால் நினைவில்லாத நோயாளி, ஆசிரியராக இருந்தால் எதிர்த்துப் பேசத் தெரியாத மாணவன், கணக்காளராக இருந்தால் கணக்குப் புரியாத வாடிக்கையாளர். எல்லா வேலையிலும், நாம் செய்த தவறைச் சொல்ல முடியாத ஒருவர் நம் கையில் இருப்பார். வேலை தேடும்போது சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். கூடவே, அந்த ஒருவரிடம் யாரும் பார்க்காதபோது நான் எப்படி இருப்பேன் என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மேல் வேலை, கீழ் வேலை என்று ஒன்று உண்டென்றால் அது அங்கேதான் பிரிகிறது.

பாட்டி இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் போன மாதம் அவருக்குக் கால் நகம் வெட்டிவிட்டேன். சர்க்கரை நோய் இருப்பதால் யாரையும் தொட விடமாட்டார், பயம். பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையைக் கணுக்காலில் வைத்து, எடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். முடித்த பிறகு காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வலிக்கவே இல்லையே. எங்க கத்துக்கிட்ட?”

“கடையிலதான் பாட்டி” என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அடுத்த மாசமும் நீயே வெட்டிவிடு” என்றார்.